முதல் டிரெய்லர் வாங்குமுன்



கும்மிடிப்பூண்டி சிப்காட் வாயிலிலோ, திருவள்ளூரையடுத்த காக்களூர் தொழிற்பேட்டையிலோ சற்று நேரம் நின்று பாருங்கள். இரும்புக் கம்பியும் குழாயும் சிமெண்டு மூட்டையும் சுமந்த வண்டிகள் ஓயாமல் போய்வரக் காண்பீர்கள். அரவைக் காலத்தில், திருவாலங்காட்டிலுள்ள திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நோக்கிக் கரும்பு டிராக்டர்கள் ஊர்ந்து செல்லும். இவற்றைக் காணும் நம் பிள்ளைகளுக்கு, "ஒரு வண்டியும் ஒரு டிரெய்லரும் வாங்கினால் பிழைத்துக்கொள்ளலாமே" என்ற எண்ணம் பிறப்பது இயல்பே. நல்ல எண்ணந்தான். ஆனால், வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தையும் இல்லத்தரசியின் நகையையும் அதில் போடுமுன், ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும்.

வண்டி வாங்கச் செல்வோர் முதலில் கேட்பது, "இது எவ்வளவு இழுக்கும்?" என்பதே. கேட்கவேண்டிய கேள்வியோ வேறு: "இழுத்ததை இது நிறுத்துமா?" சமதளத்தில் மெல்ல உருட்டிச் செல்லச் சிறிய எஞ்சினாலும் முடியும். ஓடுகிற பாரத்தை நிறுத்துவதே கடினம். வேகம் 30 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகும்போது, பிரேக் அடக்கவேண்டிய ஆற்றல் இருமடங்கன்று, நான்கு மடங்காகிறது. தச்சூர்க் கூட்டுச்சாலையில் கொல்கத்தா நெடுஞ்சாலையைத் தொட்டவுடன் முன்னே ஒரு லாரி நின்றுவிட்டால், தனக்கெனப் பிரேக் இல்லாத டிரெய்லர் முன்வண்டியைப் பின்னிருந்து தள்ளும். பேனாக்கத்திபோல் மடக்கியும் விடும். ஆகவே, பாரமான டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இருத்தல் இன்றியமையாதது.

சுமத்தல் வேறு, இழுத்தல் வேறு என்பதையும் உணர்தல் நலம். 2005ஆம் ஆண்டு வெளிவந்த டாடா ஏஸ் முக்கால் டன் சுமக்க வடிவமைக்கப்பட்டது. அது முதுகில் ஏற்றும் கணக்கு. பின்னால் கட்டி இழுக்கும் கணக்கன்று. வண்டியோடு வரும் கையேட்டில், இழுக்கத்தக்க எடை இவ்வளவென்று தயாரிப்பாளர் குறித்திருந்தால் மட்டுமே டிரெய்லரை மாட்டலாம். குறிப்பிடவில்லையெனில், பட்டறையில் கொக்கி வைத்துத் தருவதாக யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

இனிக் கணக்கிற்கு வருவோம். டிரெய்லரின் வெற்று எடை 700 கிலோ, சரக்கு 1,300 கிலோ என்று கொள்வோம். மொத்தம் 2,000 கிலோ. கையேடு அனுமதிக்கும் இழுவை எடை இதற்குக் குறையக்கூடாது. அடுத்து, கொக்கியின்மேல் இறங்கும் பாரம். அமெரிக்காவில் பயண வீட்டை பிக்கப் வண்டியின் பின்னால் கட்டிக் குடும்பத்தோடு ஊர்சுற்றுவோர், டிரெய்லர் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கொக்கியில் இறங்கவேண்டும் என்பர். நம் கணக்கில் 10 பங்கென்றாலே 200 கிலோ. இது பிக்கப்பின் முதுகில் ஏற்றியதாகவே கருதப்படும். 1,250 கிலோ சுமக்கும் பிக்கப்பில், ஓட்டுநரும் உதவியாளரும் 150, கயிறும் தார்ப்பாயும் கருவிகளும் 50, கொக்கிப் பாரம் 200 என்று கழித்தால் மிஞ்சுவது 850 கிலோதான். இதை மறந்து 1,250 கிலோவையும் முதுகில் ஏற்றினால், பின்னச்சு அழுந்தும்; முன்சக்கரம் இலேசாகித் திருப்புகிற பக்கம் திரும்ப மறுக்கும்.

இந்த அறிவு நமக்குப் புதிதன்று. மாட்டுவண்டி ஓட்டிய நம் பாட்டனார் முன்பாரமும் பின்பாரமும் பார்த்தே மூட்டை அடுக்கினார். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லரிலும் அதே நியதிதான். பின்பாரம் மிகுந்தால், வேகத்தில் அது பாம்புபோல் நெளியத் தொடங்கும். கனத்த சரக்கை அச்சுக்குச் சற்று முன்னே வைத்து, இறுகக் கட்டுங்கள். ஊகத்தை நம்பாமல், சரக்கேற்றிய பின் எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

சட்டமும் இதில் கண்டிப்பாகவே உள்ளது. டிரெய்லருக்கும் தனிப்பதிவு வேண்டும். காப்பீட்டிலும் அதைச் சேர்த்தெழுதவேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மிகைபாரத்திற்கு அபராதம் 20,000 ரூபாய். மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். பல நாள் வாடகை ஒரே நடையில் போய்விடும்.

இறுதியாக, தாய்மார்களுக்கு ஒரு சொல். திருமணம், விருந்து என்றால் டிரெய்லரில் பாய் விரித்துப் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிச் செல்லும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதில் பிடித்துக்கொள்ளப் பிடியில்லை. கவிழ்ந்தால் காக்கக் கூரையுமில்லை. சரக்கு வண்டியில் இலவசமாக ஏற்றிச் செல்லப்படுவோருக்கு இழப்பீடு தரும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று, ஆஷா ராணி வழக்கில் 2002ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்து நேர்ந்தால் உயிரும் போய், ஈடுகட்டும் சுமை வண்டிக்காரர் தலையிலும் விழும். "பேருந்திலேயே போவோம்" என்று நீங்கள் உறுதியாகச் சொல்லிவிட்டால், வீட்டு ஆண்கள் கேட்காமலா போவார்கள்?

வண்டி வாங்கப் புறப்படும் மகனிடம் விலையை மட்டும் விசாரிக்காதீர்கள். கையேட்டில் இழுவை எடை எவ்வளவு, ஏற்றப்போகும் சரக்கு எவ்வளவு, டிரெய்லருக்குப் பிரேக் உண்டா என்று கேளுங்கள். மூன்றுக்கும் விடை கிடைத்தபின் முன்பணம் கொடுக்கட்டும்.