எட்டு மணிக்குப் பூட்டிவிட்டால் பாதுகாப்பா?

நீளமான பதிவு. சமையலை முடித்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். இதில் சிலருக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளைத் திட்டி வாங்காத பெயரா?

போன மாதம் என் அண்ணன் மகளுக்குச் சென்னையில் முதல் வேலை கிடைத்தது. எங்கே தங்க வைப்பது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான்கு நாள் பேச்சு. தாம்பரம் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டலை ஒருவர் சொன்னார். உடனே மற்றவர்கள் கேட்ட கேள்விகளை நான் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ராத்திரி எத்தனை மணிக்குக் கேட் பூட்டுவார்கள்? ஓனர் எந்த ஊர்? நம்ம ஆட்களா? பையன்கள் யாரும் வந்து போக முடியுமா? செல்போன் எத்தனை மணி வரை? வாடகை எவ்வளவு, சாப்பாடு சேர்த்தா? "எட்டு மணிக்குப் பூட்டிருவாங்களாம், ஜன்னல் பூராவும் கிரில்லாம், நம்ம ஊர்ப் பக்கத்துக்காரர்தானாம்" என்று பதில் வந்ததும் பதினோரு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். தீர்ந்தது பிரச்சினை!

தீ பிடித்தால் பிள்ளை எந்த வழியாக வெளியே வரும் என்று ஒருத்தர் கேட்கவில்லை. படித்தவர்கள், பேங்கில் இருப்பவர்கள், தாசில்தார் ஆபீசில் இருப்பவர்கள் எல்லோரும் இருக்கிற குழு அது.

நான் கேட்டேன். "டீச்சர் ஆரம்பிச்சுட்டாங்க" என்று ஒரு சிரிப்புப் படம் வந்தது.

சரி, நேரில் பார்த்துவிடலாம் என்று நானே கிளம்பினேன். நான்கு மாடி வீடு. ஒரே படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் ஒரு பக்கம் செருப்பு அடுக்கு, ஒரு பக்கம் தண்ணீர் கேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு பழைய ஃபிரிட்ஜ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி ஓடிக்கொண்டிருக்கிறது. மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு. கீழே இழுத்து மூடும் கிரில் கேட்டுக்கும் பூட்டு. சாவி ஓனரிடம், ஓனர் வீடு அடுத்த தெருவில். தீயணைப்பான் இருக்கிறதா என்று கேட்டேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு சிவப்பு உருளையைக் காட்டினார்கள். முள் பச்சையில் இல்லை, சிவப்பில் கிடக்கிறது. தொங்கிய அட்டையில் கடைசியாகக் கேஸ் நிரப்பிய தேதி பார்த்தால், அப்போது எங்கள் பிள்ளை எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

ஓனர் நல்ல மனிதர்தான். மரியாதையாகக் காபி கொடுத்தார். "பயமே வேண்டாம் டீச்சர். ஈ காக்கா உள்ளே நுழைய முடியாது" என்றார்.

"உள்ளே இருக்கிற நாற்பது பிள்ளைகள் வெளியே வர முடியுமா?" என்று கேட்டேன்.

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெண்ணைப் பெற்றவர்கள் எதைக் கேட்கிறார்களோ அதை அவர் விற்கிறார். இவர்கள் பூட்டு கேட்டார்கள், அவர் பூட்டு போட்டார். இன்னொரு படிக்கட்டு இல்லாவிட்டால் பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்று பத்துப் பேர் சொல்லியிருந்தால் பின்பக்கம் ஓர் இரும்புப் படிக்கட்டாவது வைத்திருப்பார்.

நான் ஏதோ கற்பனையாகப் பயப்படுகிறேன் என்று நினைக்கிறவர்களுக்கு: 2024 செப்டம்பர் 12, மதுரை. பெரியார் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதி. விடியற்காலையில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீ. அன்று காலையிலேயே இரண்டு பெண்கள் போய்விட்டார்கள். பழைய கட்டடம், இடிக்கச் சொல்லி மாநகராட்சி ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்திருந்தது என்று பத்திரிகையில் வந்தது. நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரம். அன்று இதே குழுவில் எத்தனை பேர் கண்ணீர்ப் படம் போட்டீர்கள் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

2025 ஏப்ரல் 29, கொல்கத்தா. கடைவீதிப் பகுதியில் ஒரு ஓட்டலில் தீ. 14 பேர் இறந்தார்கள். அதில் நம் கரூர்ப் பக்கத்திலிருந்து போன ஒரு தாத்தாவும் இரண்டு பேரக் குழந்தைகளும் உண்டு. சுற்றுலாப் போன குடும்பம். ரூம் எடுக்கும்போது நாம் என்ன பார்ப்போம்? ஏசி உண்டா, வெந்நீர் வருமா, பெட்ஷீட் வெள்ளையாக இருக்கிறதா. அதைத்தானே அவர்களும் பார்த்திருப்பார்கள்.

இன்னும் பின்னால் போகட்டுமா? 2004 ஜூலை 16, கும்பகோணம். 94 குழந்தைகள். ஆசிரியர் வேலையில் இருந்த யாருக்கும் அந்த நாள் மறக்காது. கூரை, அடுப்பு, குறுகலான ஒரே படிக்கட்டு. மறுநாள் நான் வகுப்புக்குள் நுழைந்தபோது பாடம் எடுக்க முடியவில்லை. பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி, வாசல் வழியாக எத்தனை நிமிஷத்தில் எல்லோரும் வெளியே போக முடிகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். அந்த வருஷம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள் இதைப் படித்தால் ஞாபகம் வரும். விளையாட்டு என்று நினைத்து மூன்று தடவை ஓடினீர்கள். ஹெட்மாஸ்டர் வந்து என்ன சத்தம் என்று கேட்டார். பதில் சொல்ல என் தொண்டை அடைத்துக்கொண்டது.

பூட்டு என்றால் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆசிரியப் பயிற்சி படித்த காலத்தில் நானும் விடுதியில்தான் இருந்தேன். எங்கே என்று சொல்ல வேண்டாம். மாலை ஆறரைக்குப் பூட்டு. ஒரு நாள் ராத்திரி சமையலறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்விலிருந்து தீ தாவி விறகு அடுக்கில் பிடித்துக்கொண்டது. புகை மாடி வரை ஏறிவிட்டது. வாசலில் பூட்டு. சாவி வார்டனம்மா இடுப்பில், வார்டனம்மா தன் தங்கை வீட்டில். அறுபது பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறுகிறோம். வாட்ச்மேன் தாத்தா கடப்பாரையை வைத்து நாதாங்கியைப் பெயர்த்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? நாதாங்கியை உடைத்ததற்காகத் தாத்தாவைத் திட்டினார்கள். முன்னைவிடப் பெரிய பூட்டு வந்தது.

இனி ஏமாற்று விஷயம். இது வேறு கதை என்று நினைக்காதீர்கள், அதே கதைதான்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை இன்று திருப்பூரில் தையல் வேலை. அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் கேட்காதீர்கள். மகளுக்குக் கோயம்புத்தூரில் காலேஜ். ஃபேஸ்புக்கில் விளம்பரம் பார்த்திருக்கிறான். "பெண்களுக்கு மட்டும். 24 மணி நேரமும் சிசிடிவி. இரவு 8 மணிக்குக் கேட் பூட்டப்படும். பெற்றோர் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. குடும்பப் பாங்கான சூழல்." படத்தில் பளிச்சென்ற கட்டில்கள், சாமி படம், வாசலில் துளசி மாடம். போன் செய்தால் ஓர் அம்மா அத்தனை அன்பாகப் பேசியிருக்கிறார். "இன்னும் ரெண்டு பெட்தான் இருக்கு தம்பி, நம்ம பொண்ணு மாதிரி பார்த்துக்குவேன்." ஆறாயிரம் அட்வான்ஸ் ஜிபேயில் போனது. பிறகு பதிவுக் கட்டணம் என்று நாலாயிரம். மகளையும் டிரங்குப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு அந்த விலாசத்துக்குப் போனால், அங்கே பாத்திரக் கடை. போன் ஸ்விட்ச் ஆஃப்.

அந்த விளம்பரத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். நம் குடும்பக் குழு கேட்ட அத்தனை கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது! திருடனுக்கு நம் மனசு நமக்குத் தெரிந்ததைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. இவர்களுக்குக் கட்டடம் வேண்டாம், நிம்மதிதான் வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டான். அந்த நிம்மதியை இரண்டு வரியில் எழுதி, இன்னொருவர் விடுதியின் படத்தை எடுத்து ஒட்டி, பத்தாயிரத்துக்கு விற்றுவிட்டான். "உரிம எண் சொல்லுங்கள், நாளைக்கு நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் பணம்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த அம்மாவின் அன்பு அங்கேயே வற்றியிருக்கும்.

இதில் எனக்கு மனசு ஆறாத விஷயம் பத்தாயிரம் அல்ல. எட்டு நாள் அவன் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட. ஏன்டா என்றேன். "சொன்னா மச்சான் சிரிப்பான் டீச்சர்" என்றான். 1930 என்று ஓர் எண் இருக்கிறது. இணைய மோசடிக்கான அரசு எண். பணம் போன உடனே கூப்பிட்டால், எந்தக் கணக்குக்குப் போனதோ அதிலிருந்து எடுக்க விடாமல் நிறுத்தி வைக்கப் பார்ப்பார்கள். எட்டு நாள் கழித்துக் கூப்பிட்டால் அந்தப் பணம் பத்துக் கணக்கு தாண்டிப் போயிருக்கும். அவன் பணத்தைப் பாதி எடுத்தது திருடன் என்றால், மீதியை எடுத்தது மச்சானின் சிரிப்பு. ஏமாந்தவனைப் பார்த்து "இது கூடவா தெரியாது" என்று கேட்கிறவர்கள் திருடனுக்குச் சம்பளமில்லாத வேலை பார்க்கிறீர்கள்.

உங்களுக்குப் பணம் வர வேண்டுமானால் நீங்கள் பின் நம்பர் போடவே தேவையில்லை. "ரீஃபண்டு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து பின் போடுங்கள்" என்றால் போனை வையுங்கள். பட்டாளத்தில் இருக்கிறேன், வீட்டைக் காட்ட நேரில் வர முடியாது என்று அடையாள அட்டைப் படம் அனுப்புகிறவனும் அதே கூட்டம்தான்.

"அப்போ எதை நம்பி அனுப்புறது பெரியம்மா?" என்று என் தங்கை மகன் கேட்டான். நியாயமான கேள்வி.

தமிழ்நாட்டில் 2014-லேயே சட்டம் வந்துவிட்டது. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். அதற்குக் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் வேண்டும். ஆகவே "உரிமத்தைக் காட்டுங்கள்" என்று கேட்பது உங்கள் வம்பு அல்ல, உங்கள் உரிமை. காட்டத் தயங்கினால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அரசு நடத்தும் தோழி விடுதிகள் இருக்கின்றன. தாம்பரம், கூடுவாஞ்சேரி, திருச்சி, தஞ்சாவூர் என்று பல ஊர்களில். வேலைக்குப் போகும் பெண்களுக்காகவே கட்டியவை. நம் குழுவில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. நம்ம ஆள் நடத்தும் விடுதி மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

போய்ப் பார்க்கிறவர்கள் பகலில் போகாதீர்கள், ராத்திரி எட்டு மணிக்குப் போங்கள். அப்போதுதான் தெருவிளக்கு எரிகிறதா, படிக்கட்டில் என்ன கிடக்கிறது, உள்ளே இருக்கிற பிள்ளைகள் முகம் எப்படி இருக்கிறது என்று தெரியும். ஓனரை விட்டுவிட்டு அந்தப் பிள்ளைகளிடம் பேசுங்கள். ஐந்து நிமிஷத்தில் மொத்தமும் சொல்லிவிடுவார்கள். கேட் பூட்டட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளிருந்து திறக்கிற மாதிரி பூட்டட்டும். இல்லையென்றால் ஒரு சாவி உள்ளே, எல்லோருக்கும் தெரிந்த ஆணியில் தொங்கட்டும்.

தென்மாவட்டத்துப் பஸ்ஸில் விடியற்காலை நாலு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் இறங்குகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. "அந்த ஹாஸ்டலா, அதை மூடி ஆறு மாசம் ஆச்சு, எனக்குத் தெரிஞ்ச லாட்ஜ் இருக்கு" என்று யாராவது சொன்னால், அவர் எதிரிலேயே ஹாஸ்டலுக்குப் போன் போடுங்கள். அவருக்குக் கிடைக்கிற கமிஷன் உங்கள் வாடகையில்தான் ஏறும். விடியும் வரை நிலையத்திலேயே வெளிச்சத்தில் உட்காருங்கள். அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. நானும் இன்னொரு டீச்சரும் ஒரு காலத்தில் பேப்பர் திருத்தப் போன ஊரில், "கூட ஜென்ட்ஸ் யாரும் வரலையா?" என்று கேட்டு இரண்டு லாட்ஜில் ரூம் தர மறுத்துவிட்டார்கள். ரயில்வே ஸ்டேஷன் பெண்கள் காத்திருப்பு அறையில் விடிய விடியக் கதை பேசிக்கொண்டிருந்தோம். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், கையில் அரசு ஆணை. ஆம்பளைத் துணை இல்லாததால் எங்களைச் சந்தேகப்பட்ட லாட்ஜ்காரர்கள், அன்று ராத்திரி யார் யாருக்கு ரூம் கொடுத்தார்களோ!

மதினி, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். மூன்று வாரமாக என்னோடு பேசவில்லை. "வயசுப் பொண்ணு, ராத்திரி பத்தரைக்குத்தான் பூட்டுற இடத்துல கொண்டுபோய் விட்டுட்டாங்க" என்று நீங்கள் அண்ணனிடம் சொன்னது என் காதுக்கும் வந்தது. நான் தேர்ந்தெடுத்த இடத்துக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கூடுதல்தான். அதை என் பென்ஷனில் ஆறு மாதம் நான் தருகிறேன் என்று சொன்னேன், அதுவும் உங்களுக்கு அவமானமாகிவிட்டது. உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அவள் ஓடிப்போய்விடுவாளோ, பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம் அது. அதைப் பாதுகாப்பு என்று சொல்லாதீர்கள். அவளைக் காப்பாற்றுவது ஒன்று, அவளிடமிருந்து நம் பெயரைக் காப்பாற்றுவது வேறொன்று. முதலாவதற்கு இன்னொரு படிக்கட்டு வேண்டும். இரண்டாவதற்குத்தான் எட்டு மணிப் பூட்டு.

நேற்று ராத்திரி அவள் போன் செய்தாள். பின்பக்கப் படிக்கட்டில் யாரோ சைக்கிளை நிறுத்தியிருந்தார்களாம். வார்டனிடம் போய்ச் சொன்னாளாம். "எடுத்தாங்களா?" என்றேன். "எடுக்கிற வரைக்கும் நான் அங்கேயே நின்னேன் அத்தை" என்றாள்.

தீயணைப்புத் துறையிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் வேலை பார்க்கும் என் மாணவர்கள் யாராவது இதைப் பார்த்தால், நம் மாவட்டத்தில் உரிமம் உள்ள பெண்கள் விடுதிகளின் பட்டியல் எங்கே கிடைக்கும் என்று கீழே எழுதுங்கள். மச்சான்மார்கள் சிரிப்பதாக இருந்தால் அதையும் கீழேயே சிரியுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.