மழைக்கு வரி அன்று. மண்ணை மூடியதற்கு விலை!

ஐப்பசி பிறந்தால் வானத்தை நோக்கி மகிழ்ந்த இனம் இது. இன்றோ ஐப்பசி பிறந்தால் சென்னைவாழ் மக்கள் அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றுகின்றனர். வண்டிகளை மேம்பாலத்தின்மேல் கொண்டுபோய் நிறுத்துகின்றனர். முதியோரையும் பிள்ளைகளையும் மேட்டுப்பகுதி உறவினர் வீட்டுக்கு அனுப்புகின்றனர். மழையை வாழ்த்திய வாய் மழையைப் பழிக்கும் நிலை எவ்வாறு வந்துற்றது? மழை பிழை செய்ததா? மண் பிழை செய்ததா? இரண்டும் இல்லை. மண்ணின் வாயை அடைத்தவர் பிழை செய்தனர். அப் பிழைக்குரிய விலையை அவர்கள் இன்றுவரை கொடுக்கவில்லை. கொடுக்கச் செய்ய ஆட்சியாளர்க்கும் துணிவில்லை.

கணக்கு மிக எளிது. சென்னையில் ஒரு மனை என்பது 2,400 சதுர அடி. அஃதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். அதன்மேல் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் 22,300 இலிட்டர். மண் திறந்து கிடந்தால் அந் நீரின் ஒரு பங்கு நிலத்துள் இறங்கும். ஒரு பங்கு மெல்ல வடியும். கூரையும் கற்காரையும் பாவுகல்லுமாக மனை முழுவதையும் மூடிவிட்டால் ஏறத்தாழ அவ்வளவு நீரும் உடனே தெருவுக்கு வரும். வண்டி நிறுத்தவும் கடை விரிக்கவும் 10 ஏக்கரை மூடிய வணிக வளாகம் ஒன்று, அதே மழையில் நாற்பது நூறாயிரம் இலிட்டருக்கு மேற்பட்ட நீரைப் பொதுத் தெருவில் தள்ளுகிறது. தன் மனைக் குப்பையை அடுத்தவன் வாயிலில் கொட்டுபவனை ஊர் ஏசும். தன் மனை வெள்ளத்தை அடுத்தவன் வீட்டுக்குள் பாய்ச்சுபவனை ஊர் ஏன் ஏசுவதில்லை?

சென்னை, கடலை ஒட்டிய தட்டை நிலம். கூவமும் அடையாறும் கொற்றலையாறும் கடல் சேரும் இடத்தில் சரிவு மிகக் குறைவு. கழிமுகத்தை மணல் அடைக்கிறது. கடல் பொங்குங்கால் ஆற்றுநீர் பின்தங்கி நிற்கிறது. இத்தகைய நிலத்தில் வெள்ளத்தைத் தாங்கி வைத்திருந்தவை ஏரிகளும் சதுப்புகளுமே. 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராயர் நகரை எழுப்பினர். நுங்கம்பாக்கத்து ஏரியும் அவ்வாறே தெருக்களாகியது. 5,000 எக்டேர் அளவில் பரந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பைக் குப்பைமேடும், தொடர்வண்டித் தடமும், அரசு நிறுவனங்களும், கணிப்பொறிக் குழுமங்களின் கண்ணாடி மாளிகைகளும் கூறுபோட்டுக்கொண்டன. 2022இல் பன்னாட்டு இராம்சார் பட்டியலில் ஏறியது அதில் 1,247 எக்டேர் மட்டுமே.

விளைவை 2015 திசம்பரில் உலகமே கண்டது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர், அடையாற்றின் இரு கரையிலும் சாவு ஓலம். 2023 திசம்பரில் மிக்சாங் புயலின்போது அதே துயரம் மீண்டும் வந்தது.

இத் துயரத்திற்கு யார் விலை கொடுத்தார்? ஏரியைத் தூர்த்தவரா? இல்லை. அடையாற்றங்கரையிலும் கூவக்கரையிலும் பத்தடிக் குடிசையில் வாழ்ந்த உழைப்பாளர் கொடுத்தனர். வெள்ளத்துக்கு அவர்களே கரணியம் என்று கைகாட்டி, ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தொழிலிடத்தினின்றும் பள்ளியினின்றும் பிரித்துப் பெரும்பாக்கம் முதலிய இடங்களுக்குப் பெயர்த்தனர். பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம்! ஆற்று வெள்ளத்தினின்று காப்பதாகச் சொல்லிச் சதுப்பு வெள்ளத்தில் கொண்டுபோய்விட்டனர். சதுப்பின் நடுவே நிற்கும் மாளிகைகளை அசைக்க ஒருவர்க்கும் கை எழவில்லை. குடிசை பெயர்ந்தது, மாளிகை நின்றது. இதுவா முறைமை?

இனி, பணம் வரும் வழியை நோக்குக. வீட்டுக்கு வரும் குடிநீருக்கு வரி உண்டு. வீட்டினின்று போகும் கழிவுநீருக்கு வரி உண்டு. மனையினின்று தெருவில் பாயும் மழைநீருக்கு மட்டும் கணக்கே இல்லை. மாநகராட்சியின் சொத்துவரியோ கட்டடத்தின் பரப்பையும் தெருவின் மதிப்பையும் பார்க்கிறது. மண்ணை எவ்வளவு மூடினாய் என்று வினவுவதில்லை. ஆகவே வடிகால் கட்டக் கடன் வாங்குகின்றனர். கொற்றலையாற்று வடிநிலத்திற்கு 2021இல் ஆசிய வளர்ச்சி வைப்பகம் ஒப்பிய கடன் 25.1 கோடி தாலர். கோவளம் வடிநிலத்திற்குச் செருமானிய வளர்ச்சி வைப்பகத்தின் கடன். கடனையும் வட்டியையும் அடைப்பது பொதுப்பணம். அஃதாவது, தீப்பெட்டி வாங்கும் ஏழையும் தரும் வரிப்பணம்.

செருமானியர் கடன் கொடுக்கின்றனர். ஆனால் தம் நகர்களில் அவர்கள் என்ன செய்கின்றனர்? துறைமுக நகராகிய ஆம்பர்க்கில் 2012 முதல் கழிவுநீருக்கு ஒரு கட்டணம், மழைநீருக்கு வேறு கட்டணம். மழைநீர்க் கட்டணத்திற்கு அளவுகோல், வடிகாலோடு இணைந்த மூடுபரப்பு. மூடியவன் மிகுதியாகத் தருகிறான். திறந்து வைத்தவன் குறைவாகத் தருகிறான். அமெரிக்கக் கடலோர நகராகிய சியாட்டிலில் வடிகால் கட்டணத்தை மனைவரிச் சீட்டோடு சேர்த்தே தண்டுகின்றனர். பெருமனைகளுக்கு மூடிய பரப்பின் விழுக்காட்டைப் பார்த்துக் கட்டணம். சென்னை, செருமானியரிடம் பணத்தை வாங்கிக்கொண்டது, முறையை வாங்கிக்கொள்ளவில்லை!

“மழைக்கும் வரியா?” என்று எள்ளுவோர் எழுவர். மேரிலாந்து மாநிலத்திலும் எழுந்தனர். அங்கு 2012இல் இயற்றிய சட்டத்தை ‘மழைவரி’ என்று நகையாடியே, 2015இல் அதன் கட்டாயத்தை நீக்கச் செய்தனர். ஆயினும் துறைமுக நகராகிய பால்டிமோர் தன் கட்டணத்தைக் கைவிடவில்லை. எள்ளல் வடிகாலைக் கட்டித் தராது என்பதை அந் நகர் அறிந்திருந்தது. மழைக்கு எவரும் வரி கேட்கவில்லை. மழை இறங்கும் வழியை மூடியதற்கே விலை கேட்கப்படுகிறது.

“2022இல்தானே வீட்டுவரி உயர்ந்தது, இன்னுமா?” என்பது அடுத்த வினா. முறையான வினாவே. ஆனால் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று வருவதன்று. எட்டு வீடுகள் ஒரே கூரையின்கீழ் வாழும் அடுக்ககத்தில் அக் கூரையின் கட்டணம் எட்டாகப் பிரியும். சுமை விழுவது பரந்த மனையை மூடிக்கிடக்கும் பெருவளாகத்தின்மேல். “தண்டிய பணத்தை விழுங்கிவிடுவரே” என்பது மூன்றாம் வினா. அதற்கு விடை, பணத்தைத் தண்டாமை அன்று, கட்டிக் காப்பது.

ஆகவே செய்ய வேண்டுவன இவை. கட்டணத்தின் அளவுகோல் மூடிய பரப்பு ஒன்றே ஆகட்டும். குடிசைக்கும் சிறுவீட்டுக்கும் முழு விலக்கு வேண்டும். அரசு அலுவலகம், தொடர்வண்டித்துறை, துறைமுகம் எதற்கும் விலக்கு கூடாது. மண்ணை மூடுவதில் அரசின் கற்காரைக்குத் தனிச் சிறப்பில்லை. 2003இல் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பைப் பெயரளவில் வைக்காமல் உண்மையாகச் செயற்படுத்துவோர்க்குக் கழிவு தரவேண்டும். தண்டிய பணம் வடிகால், ஏரி, சதுப்பு ஆகியவற்றுக்கன்றி வேறெதற்கும் செல்லாதவாறு தனிக்கணக்கில் நிற்கவேண்டும். அக் கணக்கு வட்டந்தோறும் மக்கள்முன் படிக்கப்பட வேண்டும். கட்டணம் செலுத்தினேன் என்று சொல்லி ஏரியைத் தூர்ப்பவனுக்கு அச் சீட்டு ஒப்புதல் ஆகாது.

இது மேலைநாட்டிலிருந்து இரந்து பெறவேண்டிய அறிவும் அன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டின. ஊரவை ஏரிக்கெனவே தனி வாரியம் அமைத்ததை அவை பறைசாற்றுகின்றன. ஏரியைக் காக்கவே விளைச்சலை ஒதுக்கிய நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். நீரால் வாழ்பவர் நீர்நிலையைப் புரக்கக் கடமைப்பட்டவர் என்பது அவர்தம் முறை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏரிக்கு வாரியம் கண்ட இனத்தின் தலைநகரில், இன்று ஏரி, தெருப்பெயரில் மட்டும் வாழ்கிறது!

வெள்ளம் எவர்க்கும் கடன் வைப்பதில்லை; மூடியவன் கொடாத விலையை அது ஏழையின் பானையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அடுத்த ஐப்பசிக்கு முன்னேனும் மாநகராட்சி அளவுகோலைக் கையில் எடுக்கட்டும். மண்ணை மூடியவன் விலை கொடுக்கட்டும். கொடுக்க மனமில்லையேல் மண்ணைத் திறந்துவிடட்டும்!