கரியடுப்பும் கருவுற்ற தாயும்

மழைக்காலத்தில் ஆய்வுக்குச் செல்லும்போது அங்கத்தினர் சிலர் இல்லங்களில் காண்பது இது: சாய நூல் உலரவேண்டிக் கதவடைத்த அறையில் கரியடுப்பு, அருகில் அமர்ந்து தார் சுற்றும் கர்ப்பிணிப் பெண். புகை இல்லையே என்பர். அதுதான் ஆபத்து. கரி முழுதும் எரியாதபோது எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் அது இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தாய் தலைவலியோடு தேறிவிடலாம். சிசுவின் இரத்தத்திலோ அது தாயினதைவிட மிகுந்து, மெதுவாகவே நீங்கும். நச்சு கடுமையானால் கருவிலேயே சிசு இறப்பதும், மூளை பழுதுற்றுப் பிறப்பதும் உண்டு.

நூல் உலராவிடில் கூலி தள்ளிப்போகும் என்பதை அறியாதவனல்லன். ஆகவேதான் கேட்கிறேன்: காற்றோட்டமுள்ள பொது உலர்த்துக் கொட்டகை ஒன்றைச் சங்கச் செலவில் அமைக்க நிர்வாகக் குழுவினர் தீர்மானிக்கலாகாதா? அதுவரை அடுப்பு வெளித் தாழ்வாரத்தில் இருக்கட்டும். கர்ப்பிணிக்குத் தலை சுற்றினால், தேறிய பின்னும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.