ஒரே ஆசிரியர், நான்கு பாடம்!

பத்தாம் வகுப்பில் மின்சாரப் பாடம் நடக்கிறது.

"பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் வெளிச்சம் குறைகிறதே, ஏன் சார்?" என்று ஒரு மாணவி கேட்கிறாள்.

ஆசிரியர் தயங்குகிறார். அவர் நல்ல ஆசிரியர்தான். ஆனால், கல்லூரியில் அவர் படித்தது தாவர இயல்! செடி, கொடிகளைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்லுவார்.

இது யார் குற்றம்?

பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்தே ஆசிரியர்களை நியமிக்கிறார்கள். பெரிய பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர்கள் பலர் இருப்பார்கள். ஒருவருக்குத் தெரியாததை இன்னொருவரிடம் கேட்கலாம். சிறிய உயர்நிலைப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். பௌதிகம், ரசாயனம், தாவர இயல், விலங்கியல் ஆகிய நான்கும் அவர் தலையில்! சந்தேகம் கேட்கவும் பக்கத்தில் ஆள் இல்லை.

இரண்டு யோசனைகள்

அமெரிக்க ரசாயன அறிஞர் ஜேம்ஸ் கோனன்ட் 1959-ல் ஒரு யோசனை சொன்னார். "கடைசி வகுப்பில் 100 பேராவது இருக்கும்படி பள்ளி பெரிதாக இருக்கவேண்டும். சிறிய பள்ளிகளை ஒன்றாக இணைத்துவிடுங்கள்" என்பது அவர் கருத்து.

நம் நாட்டுக்கு இது அப்படியே பொருந்துமா? பள்ளிக்கூடம் தூரமாகப் போனால், கிராமத்தில் முதலில் நின்றுபோவது பெண் பிள்ளையின் படிப்புதானே!

பௌதிக அறிஞர் டாக்டர் கோத்தாரி தலைமையில் அமைந்த கல்விக் கமிஷன் 1966-ல் வேறு வழி காட்டியது. அக்கம்பக்கத்துப் பள்ளிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, வசதிகளைப் பகிர்ந்துகொள்ளட்டும் என்றது. நமக்கு ஏற்ற வழி இதுதான்.

என்ன செய்யலாம்?

நான்கு பள்ளிகள் சேர்ந்தால் நான்கு விஞ்ஞான ஆசிரியர்கள் கிடைப்பார்கள். பௌதிகம் படித்தவர் ஒரு பள்ளியில் இருப்பார். ரசாயனம் படித்தவர் இன்னொன்றில் இருப்பார். வாரத்தில் ஒரு நாள் அவர்கள் பள்ளி மாறிச் சென்று பாடம் நடத்தட்டும். போய்வரும் செலவை அரசாங்கம் கொடுக்கவேண்டும். சோதனைக் கருவிகளும் நான்கு பள்ளிகளுக்கும் பொதுவாக இருக்கட்டும்.

கல்லூரியில் படிக்காத பாடங்களில் ஆசிரியர்களுக்கு விடுமுறைப் பயிற்சியும் தேவை. "எப்படிக் கற்பிப்பது" என்ற பயிற்சி மட்டும் போதாது. பாடத்தையே கற்றுத்தரும் பயிற்சியாக அது இருக்கவேண்டும்.

பெற்றோர்களும் சும்மா இருக்கக்கூடாது. பள்ளிக்கூடத்துக்குக் கட்டிடம் கேட்கிறோம், சுற்றுச்சுவர் கேட்கிறோம். "பௌதிகம் படித்த ஆசிரியர் எங்கள் பிள்ளைகளுக்கு என்றைக்கு வருவார்?" என்றும் கேட்கவேண்டும்.

பள்ளி சிறியது என்பதற்காக, அந்த மாணவியின் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் போகக்கூடாது.