முதலிடம் சரி, வரவு யார் கணக்கில்?

தேவதானப்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிர்த்த டீக்கடையில் போன மாதம் ஒரு சண்டை. அடிதடி இல்லை, வாய்ச்சண்டைதான். நம்ம தெருப் பையன்கள் நாலைந்து பேர், எல்லாரும் காலேஜ் படிக்கிறவர்கள். ஒருத்தன் ராஜா கட்சி, ஒருத்தன் ரகுமான் கட்சி, மீதிப் பேர் அனிருத் கட்சி. ஆளுக்கொரு போன். "இந்தா பாரு, ஒரே நாள்ல எத்தனை லட்சம் வியூஸ்." "உங்காளு பாட்டு லிஸ்ட்லயே இல்லடா." "அப்ப யூடியூப் ஏதுடா? இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி." கடைசியில் என் பக்கம் திரும்பினார்கள். "ஏண்ணே, நீங்க பேங்க்ல கணக்குப் பாக்குறவரு, கவிதையும் எழுதுறீங்க. நீங்களே சொல்லுங்கண்ணே, யாரு நம்பர் ஒன்னு?"

பதில் சொல்லாமல் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. அந்தக் கேள்வியில்தான் கோளாறு இருப்பதாகப் பட்டது. அது என்ன கோளாறு என்று எழுதிப் பார்க்கிறேன்.

கேஷ் கவுன்ட்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுகிறவனுக்கு ஒன்று தெரியும். கட்டு எவ்வளவு கனம் என்பது பெரிய விஷயமே இல்லை. சலானில் எழுதியிருக்கும் கணக்கு எண் யாருடையது என்பதுதான் விஷயம். எண்ணிக்கை பைசா சுத்தமாக இருந்தும் எண் தப்பாக இருந்தால், பணம் வேறொருவன் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். நம் பையன்கள் கட்டின் கனத்தைப் பற்றி அடித்துக்கொள்கிறார்கள். சலானைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் எண்ணுகிறவன் யார் என்று பார்ப்போம்.

பிரிட்டனில் இசைத்தட்டு விற்பனையை வரிசைப்படுத்தும் முதல் பட்டியல் 1952 நவம்பரில் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் வந்தது. பத்திரிகையில் வேலை பார்த்த ஒருவர் சுமார் 20 இசைத்தட்டுக் கடைகளுக்குப் போன் போட்டு, எந்தத் தட்டு அதிகம் போகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். அதுதான் அந்த நாட்டின் ரசனை என்று ஆகிவிட்டது. அவர் போன் போடாத கடையும், தட்டு வாங்கக் காசில்லாதவனின் காதும் அந்தக் கணக்கில் கிடையாது. அதே 1952-இல் இலங்கை வானொலியில் அமீன் சயானி 'பினாக்கா கீத்மாலா'வைத் தொடங்கினார். இந்திப் பாட்டுகளுக்கு வரிசை போட்ட அந்த நிகழ்ச்சி ஒரு பற்பசையின் விளம்பரம். தட்டு விற்பனையும் நேயர் மன்றக் கடிதங்களும் அதற்குக் கணக்கு.

நம்ம பக்கம் கொடைக்கானல் எஃப்.எம். நேயர் விருப்பத்துக்கு எங்கள் சித்தி விடாமல் கார்டு போடுவாள். பேரும் ஊரும் வாசிப்பார்கள். தன் பேர், தம்பி பிள்ளைகள் பேர் எல்லாம் எழுதி, கடைசியில் 'தேவதானப்பட்டி' என்று முடிப்பாள். 'காலனி' என்று மட்டும் எழுதமாட்டாள். ஏன் சித்தி என்று கேட்டேன். "பாட்டு எல்லாருக்கும் பொதுவாக் கேக்கட்டும்டா, அதுல எதுக்கு அது" என்றாள். பேர் வர வேண்டும், ஆனால் தெரு தெரியக் கூடாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது முழுக்க அந்தக் கார்டில் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

2002-இல் பி.பி.சி. உலக சேவை தன் 70-ஆம் ஆண்டையொட்டி, உலக மக்களுக்குப் பிடித்த பாட்டு எது என்று வாக்கெடுத்தது. ஒன்றரை லட்சம் வாக்குக்கு மேல் விழுந்தது. 'தளபதி' படத்து ராக்கம்மா பாட்டு நான்காமிடம். இந்தச் செய்தியை ராஜா கட்சிக்காரன் எவனும் மறக்கமாட்டான். மற்ற இடங்களையும் பாருங்கள். முதலிடம் அயர்லாந்தின் தேசியப் பாட்டு ஒன்று. இரண்டாமிடம் வந்தே மாதரம். மூன்றாமிடம் 'தில் தில் பாகிஸ்தான்'. ஐந்தாமிடம் திருமலைச் சந்திரன் பாடிய ஈழத்துப் பாட்டு. உலகமே கொண்டாடும் குயீன் குழுவின் 'போஹேமியன் ராப்சடி' பத்தாமிடம். இது காதுகள் போட்ட வரிசையா? நாடுகளும், நாடு கேட்டுப் போராடிய மக்களும் ஆள் திரட்டிப் போட்ட வரிசை. அதை நான் குறை சொல்லவில்லை. பட்டியல் என்பதே அரசியல்தான், அதில் கலையின் தராசைத் தேடாதீர்கள் என்கிறேன்.

அமெரிக்காவில் இது இன்னும் பச்சையாக நடந்தது. 'பில்போர்ட்' பத்திரிகை 1942-இல் கறுப்பர்களின் பாட்டுக்கென்று தனிப் பட்டியல் போட்டது. நியூயார்க்கின் கறுப்பர் பகுதியான ஹார்லெமின் பேரை அதற்கு வைத்தது. 1945-இல் அதை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', அதாவது இனத்தட்டுகள் என்று மாற்றியது. 1949-இல் 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று நாகரிகப் பேர் சூட்டியது. டீக்கடையில் நமக்குத் தனிக் கிளாஸ் வைத்தார்களே, அதே ஏற்பாடுதான். அது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2019-இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பினப் பையனின் 'ஓல்ட் டவுன் ரோட்' பாட்டு, வெள்ளைக்காரர்களின் கோட்டையான 'கன்ட்ரி' பட்டியலில் ஏறியது. இன்றைய கன்ட்ரி இசையின் கூறுகள் இதில் போதவில்லை என்று சொல்லி பில்போர்ட் அதை இறக்கியது. பிறகு அதே பாட்டு பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் நின்றது. கோயிலுக்குள் விடவில்லை, தேரோடும் வீதியில் ஜெயித்தான். கோயில் கதவு திறந்ததா என்பது வேறு கேள்வி.

இன்றைக்கு எண்ணுவது மிஷின், அதற்குச் சாதி தெரியாது என்கிறார்கள். 2019 ஜூலையில் பாட்ஷா என்ற இந்திப் பாடகரின் பாட்டுக்கு ஒரே நாளில் ஏழு கோடிக்கும் மேல் பார்வைகள் என்று அறிவித்தார்கள். உலக சாதனை என்றார்கள். காசு கொடுத்து ஓட்டிய விளம்பரங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தன. யூடியூப் அதைச் சாதனையாக ஒத்துக்கொள்ளவில்லை. அதே செப்டம்பரில், விளம்பரமாக ஓடிய பார்வையை இசைப் பட்டியலுக்கு எடுக்கமாட்டோம் என்று விதியை மாற்றியது. எதை எண்ணுவது, எதை விடுவது என்பதை மிஷின் முடிவு செய்யவில்லை. மிஷினின் முதலாளி முடிவு செய்தான்.

இனி ராஜா. தேனி போய்ப் பஸ் மாறினால் பண்ணைப்புரம். நம்ம மண். எங்கள் ஆபீசில் முன்பு ஒரு மேலதிகாரி இருந்தார். ராஜா பாட்டுக் கேட்காமல் தூங்கமாட்டார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம், "உங்காளுகளுக்கு மியூசிக் ரத்தத்துலயே ஊறுனதுய்யா" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம். ரத்தத்தில் ஊறியது என்றால் என்ன அர்த்தம்? அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராக ஆர்மோனியம் தூக்கி அலைந்தது இல்லை. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தது இல்லை. 1976-இல் 'அன்னக்கிளி' வரும் வரை காத்துக் கிடந்தது இல்லை. எல்லாம் ரத்தம்! உழைப்பைப் பிறப்பின் கணக்கில் எழுதிவிட்டால் உழைத்தவனுக்கு எதுவும் மிஞ்சாது. இதுவும் தப்பான கணக்கில் விழுந்த வரவுதான்.

ராஜா ரசிகர்களாகிய நாம் முழுங்க முடியாத ஒன்றும் இருக்கிறது. 1992-இல் வந்த 'தேவர் மகன்' படத்துக்கும் அவர்தான் இசை. அதில் ஒரு பாட்டு தென்மாவட்டங்களில் சாதிப் பெருமைப் பாட்டாகவே ஆகிப்போனது. திருவிழா, ஊர்வலம், குருபூஜை எதுவானாலும் ஒலிபெருக்கியில் அது இருக்கும். அது எத்தனை முறை ஒலித்தது என்று எண்ணலாம், எண்ணி முதலிடமும் கொடுக்கலாம். நம் தெருமுனைக்கு வந்ததும் எவன் சத்தத்தைக் கூட்டினான் என்பதை எந்தப் பட்டியல் எண்ணும்? பாட்டைக் கேட்டவன் கணக்கில் உண்டு. பாட்டைக் கேட்டு வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவள் எந்தக் கணக்கில்?

2022-இல் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்ட ஒரு புத்தகத்துக்கு ராஜா முன்னுரை எழுதினார். அதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. கருத்தைக் கருத்தால் அடிக்கலாம், அடிக்கத்தான் வேண்டும். ஆனால் கண்டிக்கக் கிளம்பியவர்களில் சிலர் அவர் பிறப்பைத் தொட்டுப் பேசினார்கள். தலித் என்ற அடையாளத்தை அவர் சுமந்து திரிந்தவர் இல்லை. அது அவர் விருப்பம். அவர் இறக்கி வைத்ததை மற்றவர்கள் எடுத்து அவர் மேல் போட்டார்கள். ஆயிரத்துக்கு மேல் படம் செய்தவருக்கே இந்த நிலை. முதலிடம் ஒரு கவசம் என்று நினைக்கிற பையன்கள் இதை யோசிக்க வேண்டும்.

இப்போது சலானையே எடுத்துப் பார்ப்போம். 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. எழுதியவர் அறிவு. பாடியவர்கள் தீயும் அறிவும். தயாரித்து இசையமைத்தவர் சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது 'மாஜா' நிறுவனம். 40 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. பாட்டின் விதை அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, ஊர் திரும்பி, மறுபடி நிலமில்லாமல் நின்ற கூட்டத்தில் ஒருத்தி. ஏலத்தோட்டத்துக்கு விடிகாலை ஜீப்பில் மலையேறும் நம்ம கம்பம் பள்ளத்தாக்குப் பெண்களுக்கு அந்தக் கதையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் இந்தப் பாட்டைச் சொல்லி தீயின் படமும் இன்னொரு பாடகரின் படமும் வந்தன. அறிவு இல்லை. பா. ரஞ்சித் பொதுவில் கேள்வி எழுப்பினார். பிறகுதான் அறிவுக்கு இணையத்தில் ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலை 28-இல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு இல்லை. எழுதியதும் மெட்டமைத்ததும் தான் என்று அறிவு எழுதினார். அறிவு அப்போது வெளிநாட்டில் இருந்தார், மூவரும் சேர்ந்து செய்த பாட்டு, வருமானத்திலும் சமபங்கு என்றார் சந்தோஷ் நாராயணன். 2024 மார்ச்சில் அவரே, இந்தப் பாட்டால் எங்கள் மூவருக்கும் ஒரு பைசா வரவில்லை என்று சொன்னார்.

தோழர்களே, மெட்டில் யார் பங்கு எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. தீயும் மாரியம்மாளும் எனக்கு எதிரிகள் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: எண்ணிக்கை கோடிக்கணக்கில், செய்தவர்களுக்கு வந்தது ஒன்றுமில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். பேரைப் பொறுத்தவரை, ஒருத்தன் பேர்தான் திரும்பத் திரும்ப உதிர்ந்துபோனது. அது எப்படி எப்போதும் அந்த ஒரு பேராகவே இருக்கிறது? திட்டமிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. திட்டமிட வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு அது பழக்கமாகிவிட்டது. பொதுப்புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

அறிவுக்காவது கேட்க ஆளிருந்தது. ஒப்பாரி வைக்கிற கிழவிக்கும் நடவுப் பாட்டுக்காரிக்கும் பறையடிக்கிற தாத்தாவுக்கும் யார் இருக்கிறார்கள்? அவர்கள் கட்டிய அடியையும் மெட்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டு, 'பாரம்பரியம்' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் முடிந்தது. 2012-இல் திருத்திய காப்புரிமைச் சட்டம், பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி செய்தது. நல்ல சட்டம்தான். ஆனால் பேர் தெரிந்தவனுக்குத்தானே அது?

எங்கள் தொழிலில் கேட்பாரற்ற கணக்கு என்று உண்டு. பத்து வருஷம் யாரும் தொடாத பணம் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போய்விடும். ஆனால் உரிமை அதோடு தீராது. கணக்குக்காரனோ வாரிசோ ஆதாரத்தோடு என்றைக்கு வந்தாலும் வங்கி கொடுத்தாக வேண்டும். பாட்டு உலகத்தில் இந்த விதி இல்லை. கேட்பாரற்றதை முதலில் எடுத்தவன் அதற்கு ஓனர்.

90-களில் பறையை இனித் தொடமாட்டோம் என்று சொன்னவர்களும், பறையை மேடையேற்றியவர்களும் நம் இயக்கத்துக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். எனக்கு இரண்டும் ஒரே கோரிக்கையாகத்தான் தெரிகிறது: கட்டாயத்துக்கு அடிக்கமாட்டேன், அடித்தால் கூலியும் பேரும் எனக்கு வர வேண்டும். இன்குலாப் எழுதி கே.ஏ. குணசேகரன் பாடிய 'மனுசங்கடா' எந்தப் பட்டியலிலும் ஏறியதில்லை. ஆனால் எழுதியவர் பேரும் பாடியவர் பேரும் நம் ஆட்களுக்குத் தெரியும். மேடையில் பாடுகிறவர் பேர் சொல்லித்தான் பாடுவார். நாமே நடத்திய கணக்கு அது, அதனால் தப்பு நேரவில்லை. 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடையேறியதும், 2020 முதல் நடக்கும் 'மார்கழியில் மக்களிசை'யும் அந்த வழியில் வந்தவைதான்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பெரிய வேலை இல்லை. ஆளுக்கொரு நோட்டுப் போடுங்கள். உங்கள் தெருவில் ஒப்பாரி வைக்கிறவர், கும்மி சொல்லிக் கொடுக்கிறவர், பறையடிக்கிறவர் யார் யார்? பேர், வயது, யாரிடம் கற்றது, எந்தப் பாட்டு, எந்த அடி? போனில் பதிவு பண்ணுங்கள், முதலில் அனுமதி கேளுங்கள். ஒரு விழாவுக்குக் கலைஞர்களைக் கூப்பிட்டால், நோட்டீசில் 'பறையாட்டம்' என்று மட்டும் போடாமல் அடிக்கிற ஐந்து பேரின் பேரையும் போடுங்கள். கூலியை மேடையில் வைத்தே கொடுங்கள். நாளைக்கு எவனாவது அந்த அடியை எடுத்து முதலிடம் வாங்கினால், நம் கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

டீக்கடைப் பையன்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். போடட்டும், பாட்டுக்குச் சண்டை போடுகிற வயசு. போன வாரம் அவர்களில் ஒருத்தனிடம், அவன் அப்பத்தா பாடும் தாலாட்டை யார் கட்டியது என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். மறுநாள் வந்து, "அப்பத்தாவோட அம்மாதான் கட்டுச்சாம்ண்ணே" என்றான். எழுதி வை என்றேன். பேரும் எழுதினான். ஊர் என்ற இடத்தில் எழுதிக் காட்டினான்: காலனி, தேவதானப்பட்டி.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள். விவாதிப்போம்.