மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்கிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

"மன அழுத்தம் போக்க ஏழு வழிகள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம் குடும்பக் குழுவிலும் வந்துவிட்டது. முதல் வழி, வெளியே வந்து நின்று மூச்சை ஆழமாக இழுத்து விடுவதாம். எழுதியவர் கடலூர் - சிதம்பரம் சாலையில், சிப்காட் ஓரம், குடிகாட்டிலோ ஈச்சங்காட்டிலோ, காற்று திரும்பி நாற்றம் வரும் ஒரு ராத்திரியில் வந்து நிற்கட்டும். அவரே முதலில் இழுத்துக் காட்டட்டும்.

மூச்சுப் பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. படபடக்கும்போது மெதுவாக மூச்சு விட்டால் நெஞ்சு அடங்கும். என் சண்டை, "டென்ஷன் எல்லாம் மனசுலதான் இருக்கு" என்கிற பேச்சோடுதான். பி ஷிப்டுக்குப் போகிறவன் மதியம் 2 மணிக்கு வேலையில் ஏறி ராத்திரி 10 மணிக்கு இறங்குகிறான். பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்பும்போது அப்பா தூங்குகிறான். திரும்பி வரும்போது அப்பா வீட்டில் இல்லை. அடுத்த வாரம் சி ஷிப்ட். காண்ட்ராக்ட் வேலை, எப்போது நிற்குமோ தெரியாது. இது மனசுக்குள் முளைத்ததா?

முதலில் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். காரணமில்லாத தலைவலி, வயிற்றெரிச்சல், படுத்தும் வராத தூக்கம், சின்ன விஷயத்துக்குப் பிள்ளைமேல் கை ஓங்குவது. இதெல்லாம் குணக்கேடு அல்ல, உடம்பு அடிக்கிற மணி. அந்த மணியை டாஸ்மாக்கில் போய் நிறுத்தப் பார்க்காதீர்கள். குடித்தால் சீக்கிரம் தூங்கிவிடலாம், ஆனால் பின்ராத்திரித் தூக்கம் கெடும். மறுநாள் எரிச்சல் இரட்டிப்பாகும்.

அடுத்து, ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். என்னால் மாற்ற முடிவது ஒரு பக்கம், நான் ஒருவனாக மாற்ற முடியாதது மறுபக்கம். நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் அறையை இருட்டாக்கிப் படுப்பது, போனைத் தள்ளி வைப்பது, சாயங்காலம் அரை மணி நேரம் நடப்பது, மனைவியிடமோ நண்பனிடமோ வாய்விட்டுச் சொல்வது எல்லாம் முதல் பத்தி.

இரண்டாவது பத்தியில் வருவதைக் கண்ணை மூடி உட்கார்ந்து தீர்க்க முடியாது. 2004-இல் சிப்காட் கிராமத்து மக்கள் நாற்றம் வந்த நேரத்தையும் இடத்தையும் எழுதி வைத்தார்கள். பிளாஸ்டிக் வாளியில் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "உனக்குத்தான் அப்படித் தோணுது" என்ற வாயை அந்த வாளி அடைத்தது. 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. யாரும் தியானம் செய்து அதைத் தடுக்கவில்லை.

"ஆலை இல்லாவிட்டால் சோறு ஏது சார்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆலையை மூடச் சொல்லவில்லை. சம்பளம் வாங்குவதால் வலியைச் சொல்லும் உரிமை போய்விடாது என்கிறேன். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அதைக் கேட்பதும் மன ஆரோக்கியம்தான்.

இரண்டு வாரமாகியும் தூக்கம் வரவில்லை, வாழ்வே வெறுக்கிறது என்றால் தள்ளிப் போடாதீர்கள். 14416-க்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, காசு கிடையாது, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்ப்பது சர்க்கரைக்கு மருந்து வாங்குவது போலத்தான். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அந்த ஏழு வழிகளை யாராவது இனி அனுப்பினால், எட்டாவதாக ஒன்றைச் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள்: "பக்கத்து வீட்டுக்காரனுக்கும் இதே தலைவலியா என்று கேட்டுப் பார்."