எள்ளற்சொல் இரண்டு

வகுப்பில் கணக்கொன்றை விடாது போட்டுக்கொண்டிருந்த மாணவனை அடுத்திருந்தவன் "நெர்டு" என்று எள்ளினான். "அன்று, அவன் கீக்கு" என்றான் மற்றொருவன். இரண்டற்கும் வேறுபாடு யாதென வினவினேன், இருவரும் விழித்தனர். பொருளறியாமலே பிறர்மேல் எறியப்படும் இவ்வாங்கிலச் சொற்களின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

கீக்கு என்பது, பேதை எனப் பொருள்படும் செருமானியக் கிளைமொழிச் சொல்லின் வழிவந்தது. ஒல்லாந்தர் மொழியில் அதன் இனச்சொல் இன்றும் பித்தனைக் குறிக்கும். அமெரிக்க நாட்டில் ஊர்சுற்றும் காட்சிக் கூடாரங்களில், உயிர்க்கோழியின் தலையைக் கடித்துக் காட்டி வயிறு வளர்த்த ஏழைக்கும் அதுவே பெயராயிற்று. நெர்டு என்பதோ, 1950-இல் டாக்டர் சூசு என்பார் குழந்தைகட்கு எழுதிய நூலில் ஒரு புனைவு விலங்கின் பெயராக அச்சேறியது. 1951-இல் டெட்ராய்ட்டு நகரத்தார் சுவையற்றவனை அச்சொல்லால் சுட்டுவதாக நியூசுவீக்கு இதழ் எழுதிற்று. ஆக, இரண்டும் வசைச்சொற்களே.

பின்னர்ப் பொருள் பிரிந்தது. ஒரு துறைமேல் தீரா வேட்கை கொண்டு, அதன் நுணுக்கமெல்லாம் திரட்டி, ஒத்தாரோடு அளவளாவி மகிழ்பவர் கீக்கு. கல்வியிலேயே தோய்ந்து, ஊரோடு ஒட்டிப் பழகும் திறம் குறைந்தவர் நெர்டு. முன்னவர்க்கு வேட்கை முதன்மை. பின்னவர்க்குப் படிப்பு முதன்மை. ஒருவரே இரண்டுமாதலும் உண்டு.

1975-இல் கலிபோர்னியாவில் ஒரு வண்டிக்கொட்டிலில் தொடங்கிய கணிப்பொறி வேட்கையர் கழகத்தில், தாம் வடிவமைத்த பொறியின் மின்சுற்று வரைபடத்தை வோசுனியாக்கு என்பார் விலையின்றி வழங்கினார். அப்பொறியே 1976-இல் ஆப்பிள் நிறுவனத்தின் முதற்பொருளாயிற்று. இத்தகையார் கையில் செல்வம் குவிந்த பின்னர், பழைய வசைச்சொற்கள் விரும்பிப் பூணும் பட்டங்களாயின.

இம்மாற்றத்தைப் பலரும் போற்றுவர், யான் போற்றேன். நேற்று, பொருள் தராத படிப்பென்று எள்ளினர். இன்று, பொருள் தந்தமையால் புகழ்கின்றனர். நேற்றும் அறிவு மதிக்கப்படவில்லை, இன்றும் மதிக்கப்படவில்லை. மதிக்கப்படுவது பணமே! வரைபடத்தை விலையின்றிக் கொடுத்த அந்தக் கை, பொருள் கருதியா கொடுத்தது?

அன்று நகைப்பொலி எழுந்ததும், அம்மாணவன் கணக்கை முடிக்காமலே ஏட்டை மூடிவிட்டான். அவன் நாளை செல்வனாகலாம்; ஆகாமலும் போகலாம். மூடிய ஏட்டிற்கு யார் ஈடு செய்வார்?

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! முன்னவரைத் துறைவேட்கையர் என்போம். பின்னவரைக் கல்வித்தோய்வர் என்போம். இரண்டும் நம் மொழியில் வசையாகா. கற்பவனைக் கற்கின்றான் என்பதற்காகவே மதிக்கும் வீட்டில்தான் ஏடுகள் திறந்தே இருக்கும் என உணர்க!